தலைக்கு மேல் குடியிருப்பவன்

நாடாளுமன்றத்தில் தன் கடையைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்பது லாண்டரி அக்காவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. தொகுதி உறுப்பினரின் உதவியாளன் போன் செய்து சொன்னான்.

“நாளைக்கு மத்தியானம் டிவியப் போட்டு வைங்கம்மா. தெருத் தொல்லை மசோதா விவாதத்துக்கு வருது. ஐயா உங்க கதையத்தான் எடுத்துப் பேசப் போறாரு.”

“என் கதையா? எனக்கு என்னப்பா கதை?”

“நீங்க லெட்டர் போட்டிருந்தீங்கல்ல, அதுதாம்மா. கண்ணாடி ஒடஞ்சது, வெள்ளத்துணி பாழானது, எல்லாம். ஐயா படிச்சிட்டுக் கண் கலங்கிட்டாரு.”

உறுப்பினர் எதற்கும் கண் கலங்குகிறவர் என்று தெருவுக்கே தெரியும். ஓட்டுக் கேட்டு வந்தபோது சலூன்காரரின் செத்துப்போன பூனைக்காகக்கூட ஒரு தடவை கலங்கியிருக்கிறார்.

கடிதம் போட்டது என்னவோ உண்மைதான். அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் அக்காவின் கடை தரைத்தளம். கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள். அவள், கணவர், மகள் என்று மூன்று பேர் அதில் குடியிருந்தார்கள். கடையை ஒட்டி மாடிப்படி. அந்த வருஷம் மழை விட்டு விட்டு மாதக்கணக்கில் பெய்தது. மழையோடு சேர்ந்து தொல்லையும் வந்தது. முதலில் மாடிப்படி விளக்கை யாரோ உடைத்தார்கள். புது பல்பு போட்டால் நான்காம் நாள் அதுவும் போயிற்று. பிறகு சுவரில் வரிசையாக இருந்த தபால் பெட்டிகளில் ஒன்றில் எரியும் காகிதத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு கடையின் கண்ணாடிக் கதவில் கல். போலீஸ்காரர் வந்து கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லில் என்ன எழுதியிருக்கும்? “சின்னக் கேஸும்மா, எழுதி வச்சுக்கறேன்” என்று போய்விட்டார்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் நர்சுகள் விடுதியின் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை அக்காவால் மறக்க முடியவில்லை. மூன்று நாள் மழைக்குப் பிறகு ஒரு காலையில் வெயில் எட்டிப் பார்த்தது. பன்னிரண்டு விரிப்புகளைப் பின்முற்றத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள். ஆறு விரிப்புகளில் கருப்பு மெஷின் எண்ணெய், டப்பாவோடு வீசின மாதிரி, மேலிருந்து கீழ் வரைக்கும். மண்ணெண்ணெய் தடவினாள், சோடா போட்டாள், வெந்நீரில் ஊறவைத்து மூன்று முறை துவைத்தாள். கருப்பு போயிற்று, மஞ்சளாக ஒரு நிழல் மட்டும் போகவே இல்லை. நர்சுகள் விடுதி அடுத்த வாரமே வேறு லாண்டரிக்கு மாறிவிட்டது. பதினோரு வருஷம் துணி போட்ட இடம்.

அதற்குப் பிறகுதான் கடிதம். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டே சொல்ல, கணவர் எழுதினார். பஸ் டிரைவராக இருந்து முழங்கால் போய் வீட்டோடு இருக்கிற மனிதர். எழுதுவதில் ஆசை உண்டு. பேப்பருக்கு அடிக்கடி கடிதம் போடுவார்; ஒன்று வெளிவந்தும் இருக்கிறது. இரண்டு பக்கம் எழுதி, “படிச்சுப் பாக்கறியா?” என்று நீட்டினார். அவள் கையெல்லாம் ஈரம்.

“நான் சொன்னதுதானே, இதுல என்ன படிக்கறது” என்று சொல்லி, அவர் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவில் ஸ்டார்ச் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் மத்தியானம் கடையில் கூட்டம். எதிர்க்கடை சலூன்காரர் ஒரு வாடிக்கையாளரைப் பாதி மீசையோடு விட்டுவிட்டு வந்திருந்தார். பாதி மீசைக்காரரும் கழுத்தில் துண்டோடு கூடவே வந்துவிட்டார். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிற மகள் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள். கணவர் நாற்காலியை டிவிக்கு நேராகப் போட்டு, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா மட்டும் இஸ்திரியை நிறுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் முப்பது சட்டை போயாக வேண்டும்.

மேல்வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இங்கே கேட்கிற அதே குரல் ஒரு நொடி தாமதமாகக் கூரை வழியாக இறங்கி வந்தது.

உறுப்பினர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, காலர் மடிப்பு சரியில்லை என்று அக்கா பார்த்த மாத்திரத்தில் கவனித்தாள்.

“சபாநாயகர் அவர்களே, பெரிய குற்றங்களைப் பற்றிப் பேச இந்த அவையில் பலர் இருக்கிறார்கள். நான் சின்னக் குற்றங்களைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். உடைந்த விளக்கு, எரிந்த தபால் பெட்டி, கதவில் எறிந்த கல். காவல் நிலையம் இவற்றைச் சின்னக் கேஸ் என்கிறது. ஆனால் ஒரு மனிதர் தன் தெருவில் நடக்கப் பயப்படுவது இந்தச் சின்னக் கேஸ்களால்தான்.”

“நல்லாத்தான் பேசறாரு” என்றார் சலூன்காரர்.

“என் தொகுதியில் ஒரு சகோதரி இருக்கிறார். துணி வெளுத்து, இஸ்திரி போட்டு மானத்தோடு பிழைக்கிறவர். அவர் எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. இதையெல்லாம் செய்தவன் யாரென்று எனக்குத் தெரியும், என் தலைக்கு மேல்தான் குடியிருக்கிறான் என்று எழுதியிருக்கிறார். சபாநாயகர் அவர்களே, குற்றவாளியின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அந்தச் சகோதரி தினமும் வேலை செய்கிறார். இந்த மசோதா அவருக்காக!”

மேசையைத் தட்டினார்கள். எதிர் வரிசையிலிருந்து ஒரு பெண் உறுப்பினர் எழுந்தார். வயதானவர், குரல் சன்னம்.

“ஒரே ஒரு கேள்வி. அந்த மேல்வீட்டுக்காரரை யாராவது கேட்டார்களா? அவரும் உறுப்பினரின் தொகுதிக்காரர்தானே? அவருக்கும் ஓட்டு இருக்கிறதல்லவா?”

அவையில் சிரிப்பு. மந்திரி எழுந்து, “கல் எறிகிறவன் கையெழுத்துப் போட்டுவிட்டா எறிகிறான்? ஒவ்வொரு கல்லுக்கும் சாட்சி தேடிக்கொண்டிருந்தால் தெருவே காலியாகிவிடும்” என்றார். இன்னும் பெரிய சிரிப்பு.

கடையில் யாரும் சிரிக்கவில்லை. மேல்வீட்டு டிவி நின்றுபோயிருந்தது. அக்கா இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேலேயே வைத்துவிட்டாள் என்பது தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. எல்லாருடைய தலையும் மெதுவாக மேலே நிமிர்ந்தது. கூரையில் பார்க்க என்ன இருக்கிறது, ஒரு பழைய ஈரக்கறை.

“யாரு, விசிலா?” என்றார் சலூன்காரர் தாழ்ந்த குரலில்.

மேல்வீட்டில் மூன்று பேர். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற பெயிண்டர், அவர் மனைவி, அவளுடைய தம்பி. தம்பிக்கு முப்பத்தைந்து இருக்கும். ரொட்டி ஆலையில் மாவு பிசைகிற மெஷினில் வேலை. ஊர் தூங்கும்போது வேலைக்குப் போய், ஊர் எழும்போது தலைமுடியில் மாவோடு திரும்பி வருவான். படியேறும்போது விசில் அடித்துக்கொண்டே ஏறுவான். பேரே விசில் என்றாகிவிட்டது.

“நான் சொல்லல” என்றாள் அக்கா. “நான் அப்படிச் சொல்லவே இல்ல.”

கணவர் டிவியை அணைக்க ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் மடியிலேயே இருந்தது.

அரைமணி நேரத்தில் பெயிண்டர் மனைவி இறங்கி வந்தாள். கையில் லாண்டரிச் சீட்டு. கடையில் அப்போது அக்கா மட்டும்தான்.

“எங்க வீட்டுத் துணியக் குடுத்துடுங்கக்கா.”

“இன்னும் துவைக்கவே இல்லம்மா. ஊறப் போட்டிருக்கு.”

“ஈரத்தோட குடுங்க. நான் மேல போயி அலசிக்கறேன்.”

“இங்க பாரும்மா, அந்தாளு பேசினத நம்பாத. நான் ஒரு வார்த்தை உங்களப் பத்திச் சொன்னதில்ல. விளக்கு, கண்ணாடி, துணி, அவ்வளவுதான் எழுதச் சொன்னேன். மீதியெல்லாம் அங்க ஜோடிச்சிருக்காங்க.”

“சத்தியமா?”

“எம்மக மேல சத்தியம்.”

பெயிண்டர் மனைவி அவள் முகத்தையே பார்த்தாள். “எங்க வீட்ல ரெண்டு ஆம்பளைங்க இருக்காங்க. நீங்க யாரச் சொன்னீங்கன்னு எம்புருஷன் கேக்கறாரு. எந்தம்பி ஒண்ணும் கேக்கல. சாப்புட்டுக்கிட்டு இருந்தவன் தட்டோட எந்திரிச்சுப் போயிட்டான்.”

“நான்தான் சத்தியம் பண்றேனே.”

“சரிக்கா” என்றாள் அவள். ஆனாலும் சீட்டை மடித்து வைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டத் துணியைப் பக்கெட்டில் வாங்கிக்கொண்டு போனாள். படி நெடுக ஈரம்.

அன்றிலிருந்து விசில் சத்தம் நின்றது. படியேறும் காலடி மட்டும் கேட்டது. பதினாறு படி. அக்கா அதுவரை எண்ணியதில்லை, இப்போது எண்ணினாள்.

தெரு மூன்று நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. மளிகைக் கடைக்காரர் விசிலைக் கண்டால் வெளியே அடுக்கியிருந்த முட்டைத் தட்டை உள்ளே இழுத்து வைத்தார். பாதி மீசையோடு டிவி பார்த்த மனிதர், யாரென்றே தெருவுக்குத் தெரியாதவர், விசிலின் கையில் எண்ணெய் டப்பாவைக் கண்ணால் பார்த்ததாகப் பஸ் நிறுத்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ரொட்டி ஆலையில் மேற்பார்வையாளர் விசிலைக் கூப்பிட்டு, “ஒனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?” என்று மட்டும் கேட்டு, மெஷினிலிருந்து மாற்றி மூட்டை தூக்குகிற பக்கம் போட்டுவிட்டார். பத்தாம் நாள் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. புதுச் சட்டம் இன்னும் நிறைவேறவில்லை. ஆனால் விவாதம் நடந்த வேகத்தில், தங்களிடம் ஏற்கெனவே கிடந்த பழைய அதிகாரத்தை நகராட்சி தூசு தட்டி எடுத்திருந்தது. தெரு ஒழுங்குக் குழு முன்னால் அக்காவும் விசிலும் ஆஜராக வேண்டும். குற்றம் நம்பும்படி இருந்தால், இன்னார் இந்தக் கட்டடத்தில் குடியிருக்கக் கூடாது என்று குழு ஆணை போடலாம்.

அந்த வரியை யார் நுழைத்தார்கள் என்று அக்காவுக்குப் புரியவில்லை. யார் மேல் சந்தேகப்படுவது என்று தெரியாமல் ஒவ்வொருவர் மேலாகச் சந்தேகப்பட்டாள். உறுப்பினர் மேல். உதவியாளன் மேல். சலூன்காரர் பின்னால் ஒரு மொட்டைக் கடிதம் போட்டிருப்பாரோ என்றுகூட. கணவர் மேல் வந்த சந்தேகத்தை மட்டும் இரண்டு நாள் கிட்டே விடாமல் தள்ளித் தள்ளி வைத்தாள். அவர் இப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பேப்பரை மட்டும் வரிவரியாகப் படித்தார், விளம்பரம் உட்பட.

மூன்றாம் நாள் கடையை மகளிடம் விட்டுவிட்டு உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனாள்.

உதவியாளன் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். “வாங்கம்மா, வாங்க! நாடே உங்களப் பத்திப் பேசுது.”

“அந்த லெட்டரக் காட்டுப்பா.”

“எதுக்கும்மா?”

“நான் எழுதின லெட்டர நான் பாக்கக் கூடாதா?”

கோப்பிலிருந்து எடுத்து நீட்டினான். இரண்டு பக்கம். கணவரின் சாய்வான கையெழுத்து, பேப்பருக்கு எழுதுகிற மாதிரியே பத்தி பிரித்து. இரண்டாம் பக்கத்தின் கடைசியில், அவள் கையெழுத்துக்கு மேலே, அந்த வரி. ‘இதையெல்லாம் செய்தவன் யாரென்று எனக்குத் தெரியும். என் தலைக்கு மேல்தான் குடியிருக்கிறான்.’ அதன் பக்கத்தில் ஸ்டார்ச் கறை.

“இந்த ஒரு வரிய எடுத்துட முடியுமா? அவர் அங்க எந்திரிச்சு, அது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்.”

உதவியாளன் பிஸ்கட்டைக் கீழே வைத்தான். “அவைக்குறிப்புல ஏறினது ஏறினதுதாம்மா. அதுவும் இல்லாம, உங்க வரியாலதான் பேச்சே எடுபட்டுச்சு. எல்லாப் பேப்பர்லயும் அதைத்தான் தலைப்பாப் போட்டிருக்கான். இப்போ போய் இல்லன்னா ஐயா பொய் சொன்ன மாதிரி ஆகிடாது?”

“அப்போ அவன் கதி?”

“எவன்?”

அவன் நிஜமாகவே கேட்டான். அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடியே பின்னறைக்குப் போனாள். கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மகள் கடையை உள்பக்கம் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

“ஏங்க, அந்தக் கடைசி வரிய யாரு எழுதச் சொன்னா?”

அவர் கத்தியை வைக்கவில்லை. “நீ சொன்னதுதான்.”

“நானா? இஸ்திரி போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாச் சொன்னேன். விளக்கச் சொன்னேன், கண்ணாடியச் சொன்னேன். இத எப்போ சொன்னேன்?”

“அன்னிக்குச் சொல்லல. எண்ணெய் ஊத்தின அன்னிக்குச் சொன்ன. இதே எடத்துல. விரிப்பத் தூக்கிப் பக்கெட்ல எறிஞ்சிட்டு, எனக்குத் தெரியும் எவன்னு, தலைக்கு மேலதான் குடியிருக்கான்னு கத்தின. நான் ஒரு எழுத்துக் கூட்டல.”

“பொய்.”

“புள்ளையக் கேளு.”

அக்கா மகளைப் பார்த்தாள். மகள் கதவு நிலையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“சொன்னம்மா” என்றாள். “நானும் கேட்டேன். ரெண்டு தடவ சொன்ன.”

அக்கா ஈரத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மழை தகரத்தில் கொட்டுகிற சத்தம். யோசிக்க யோசிக்க, சொன்ன குரல் காதில் மெதுவாக வந்தது. அவள் குரலேதான். அந்தக் காலையில் அவள் விரிப்புகளின் முன்னால் நின்றபோது விசில் வேலை முடிந்து முற்றத்து வழியாக வந்தான். எண்ணெயைப் பார்த்தான். உதட்டைக் குவித்து நீளமாக ஒரு விசில் அடித்தான். ஆச்சரியத்தில் அடித்தானா, கேலியில் அடித்தானா, அவளுக்கு இன்றுவரை தெரியாது. அன்று அவளுக்குக் கேலியாகத்தான் கேட்டது. அது ஒன்றுதான் காரணம். வேறு ஒன்றுமே இல்லை.

“கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். அத எழுதிடறதா? அதுவும் என் பேர்ல?”

“ஏன், தப்பா சொன்னியா?” கணவர் இப்போது நிமிர்ந்தார். “மெஷின் எண்ணெய் யார் கைல இருக்கும்? பெயிண்டர் கைல பெயிண்ட் இருக்கும், உங்கைல சோப்பு இருக்கும். எல்லாரும் தூங்கறப்ப முழிச்சிருக்கறவன் யாரு? அவன் இங்க குடிவந்தது எப்போ? போன வருஷம். விளக்கு ஒடைய ஆரம்பிச்சது எப்போ? அதுக்கப்புறம். நான் இருவத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவன். கண்ணாடியில பாத்தே எவன் டிக்கெட் எடுக்கலன்னு சொல்லுவேன்.”

“ஒடைக்கறத ஒரு தடவையாவது பாத்தீங்களா?”

“டிக்கெட் எடுக்காததையும்தான் நான் பாத்ததில்ல. மூஞ்சி சொல்லும்.”

மகள் மெதுவாகக் கேட்டாள்: “அப்பா, எத்தன தடவ சரியா இருந்திச்சு?”

அவர் வெங்காயத்துக்குத் திரும்பினார். கண்ணில் நீர் வடிந்தது. வெங்காயத்தின் நீர்தான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அவர் சொன்னதில் பாதி அவளுக்கும் சரி என்றுதான் பட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவன் செய்யவில்லை என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. செய்தான் என்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் மகள் மேல் செய்த சத்தியம் பொய் என்பது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துபோயிற்று.

மேலே போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை படியேறினாள். ஒருமுறை ஏழாவது படி, ஒருமுறை பதினொன்றாவது படி. மேல்வீட்டுக் கதவுக்குப் பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டதும் இறங்கி வந்துவிட்டாள்.

குழு கூடிய அறையில் ஏர்கூலர் ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே ஒரு வாளி. சொட்டு விழும் சத்தம் யார் பேசினாலும் நடுவில் புகுந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள்தான் தலைவி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தாள். ஒரு பக்கத்து நாற்காலிகளில் அக்காவும் கணவரும். எதிர்ப்பக்கத்தில் பெயிண்டர், மனைவி, விசில். விசில் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். தானே இஸ்திரி போட்டிருக்கிறான். காலரில் இரட்டை மடிப்பு. பட்டன் பட்டையில் நெளிவு. அந்தச் சட்டையை அக்காவின் கை பல முறை தொட்டிருக்கிறது.

“இவர் விளக்க ஒடைச்சத நீங்க பாத்தீங்களா?” என்றாள் தலைவி.

“பாக்கல.”

“கல் எறிஞ்சது?”

“பாக்கல.”

“எண்ணெய்?”

“பாக்கலைங்க.”

தலைவி கண்ணாடியை இறக்கினாள். “நீங்க பயப்பட வேண்டாம்மா. இது கோர்ட் இல்ல. இங்க பாத்த சாட்சிதான் வேணும்னு கட்டாயம் கெடையாது. நியாயமான சந்தேகம் இருந்தாப் போதும். உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?”

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. கணவர் நாற்காலியில் அசைந்தார். இருக்கிறது என்ற ஒரு வார்த்தை சொன்னால் பொய்யில்லை. ஆணை வரும், மேல்வீடு காலியாகும். விளக்கு உடையாமல் இருந்தாலும் இருக்கும். உடைந்தாலும் அப்போது வேறு யாரையாவது நினைத்துக்கொள்ளலாம்.

“இருந்திச்சு” என்றாள் அக்கா. “ஆனா அது நியாயமான சந்தேகம் இல்லைங்க. அவன் விசில் அடிச்சான். எனக்குக் கோவம் வந்திச்சு. அவ்வளவுதான்.”

“அப்போ உறுப்பினர் அவையில வாசிச்ச அந்த வரி?”

எதிரே பெயிண்டர் மனைவி தலையை நிமிர்த்தினாள். அவளுக்குப் பதில் முன்பே தெரியும். அக்கா சத்தியம் செய்து சொன்னபடி, அது அங்கே ஜோடித்த வரி. அக்காவும் அதையே சொல்லிவிடலாம். உறுப்பினர் வந்து மறுக்கப் போவதில்லை.

“அது நான் சொன்னதுதான்” என்றாள். “எங்க வீட்ல வச்சு, ரெண்டு தடவ சொன்னேன். எம்புருஷன் எழுதினாரு, நான் கையெழுத்துப் போட்டேன். சொல்லவே இல்லன்னு இந்தப் பொண்ணுகிட்டச் சத்தியம் பண்ணினேன். அது பொய். அதையும் எழுதிக்குங்க. புகார நான் வாபஸ் வாங்கிக்கறேன்.”

தலைவி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் எதையோ எழுதினார். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. புகார் வாபஸ், நடவடிக்கை இல்லை, எல்லாரும் போகலாம்.

வராந்தாவில் பெயிண்டர் மனைவி அவளுக்காகக் காத்து நின்றாள். ஆண்கள் மூவரும் முன்னால் போய்விட்டார்கள், ஒருவருக்கொருவர் பத்தடி தள்ளி.

“உங்க மக மேல சத்தியம் பண்ணினீங்களேக்கா” என்றாள்.

“ஆமாம்மா.”

“அத நம்பினேன். தெருவே சொன்னப்பகூட, அக்கா சொல்லியிருக்க மாட்டாங்கன்னு எந்தம்பிகிட்டச் சண்டை போட்டேன். அவன் சிரிச்சான்.” முந்தானையை இழுத்துச் செருகினாள். “இன்னிக்கு நீங்க நல்லதுதான் பண்ணினீங்க. எனக்குத்தான் நன்றி சொல்ல வாய் வரல.”

இரண்டு வாரத்தில் மசோதா நிறைவேறியது. உறுப்பினர் வீட்டுக்கு வீடு ஒரு வண்ணத் தாள் அனுப்பினார். அதில் லாண்டரிக் கடையின் படம் இருந்தது, ஒரு பக்கம் மாடிப்படியும் தெரிந்தது. ‘ஒரு சகோதரியின் கண்ணீருக்குக் கிடைத்த நீதி’ என்று கீழே. தபால்காரர் கட்டடத்தின் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்று போட்டுவிட்டுப் போயிருந்தார். மேல்வீட்டுப் பெட்டியில் இருந்ததை எடுத்துவிடலாம் என்று அக்கா விரலை விட்டுப் பார்த்தாள், எட்டவில்லை. அடுத்தவர் பெட்டியில் கைவிட்டுக்கொண்டு நிற்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

கணவர் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டார். மற்றபடி மாறவில்லை. “பாரேன், இப்ப ஒண்ணும் ஒடையறதில்ல பாத்தியா? பயந்துட்டான்” என்பார். அக்கா பதில் பேசமாட்டாள். பேசாமல் இருப்பதும் ஒரு பதிலாகிவிடுகிறதோ என்று பிறகு யோசிப்பாள். பெயிண்டர் வீட்டுத் துணி திரும்பி வரவில்லை. படியில் பார்த்தால், “சாப்டாச்சாக்கா?” என்று பெயிண்டர் மனைவி கேட்பாள். நிற்கமாட்டாள்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு காலை. அக்கா முற்றத்துக் கதவைத் திறந்தபோது தண்ணீர் வாசற்படி வரைக்கும் வந்திருந்தது. பொதுக் குழாயின் திருகை யாரோ முறித்து எடுத்துப் போயிருந்தார்கள். குழாய் சீறிக்கொண்டு ஊற்றியது. துணி ஊறப்போடும் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு மிதந்துகொண்டிருந்தன. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பழைய துண்டைச் சுருட்டி, குழாய் வாயில் அடைக்கப் பார்த்தாள். தண்ணீர் முகத்தில் அடித்தது.

அப்போது விசில் வேலையிலிருந்து வந்தான். சந்தின் முனையில் நின்றான். குழாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தலைமுடியில் மாவு இல்லை. மூட்டை தூக்குகிறவனுக்குத் தோளில்தான் மாவு.

அவள் வாயைத் திறக்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை.

“நான் இல்லக்கா” என்றான்.

“ஐயோ தம்பி, நான் உன்ன ஒண்ணும்…”

அவன் அதற்குள் தோளிலிருந்து பையை இறக்கி, ஜிப்பை இழுத்து, இரண்டு கையாலும் அகலமாகப் பிரித்து அவளுக்கு நேராக நீட்டினான். கோபமாக இல்லை. பஸ்ஸில் பாஸைக் காட்டுகிற மாதிரி, பழகின கையோடு. வேறு எங்கெல்லாம், யார் யாருக்கெல்லாம் இப்படிக் காட்டிக்கொண்டிருக்கிறானோ.

“மூடுப்பா” என்றாள் அக்கா. “மூடு, எனக்குப் பாக்க வேணாம்.”

ஆனால் அதற்குள் அவள் கண் பைக்குள் போய்விட்டு வந்திருந்தது. ஒரு சாப்பாட்டு டப்பா, மடித்த வேலைச் சட்டை, காகிதத்தில் சுற்றின அரை ரொட்டி.

அவள் கண் போய் வந்ததை அவன் பார்த்தான். ஜிப்பை மூடினான். பையைப் படியில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, அவள் கையிலிருந்த துண்டை வாங்கிக் குழாயை அடைக்க ஆரம்பித்தான்.